நடு அண்டா

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் எனக்குத் தொண்டை கரகரக்கும். பதினெட்டு வருஷமாக அந்தச் சுவரில் முதுகை வைத்துக்கொண்டுதான் துணி தைக்கிறேன். அங்கே சண்டை என்றால் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, பக்கத்து வீட்டு அண்ணியும் அப்படித்தான். நான் என் வீட்டுக்காரரைத் திட்டும்போது, "இன்னும் ரெண்டு சேர்த்துச் சொல்லு, இது உறைக்காது" என்று சுவரைத் தட்டிச் சொல்வாள்.

அந்தச் சுவர் இருபத்திரண்டு நாளாகப் பேசவில்லை.

அண்ணியின் வீட்டுக்காரர் பாட்டில் கம்பெனி கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். தெருவில் அவருக்கு அண்டா என்று பெயர். ஆள் என்னவோ ஊதினால் பறக்கிற உடம்பு. முப்பத்தொரு வருஷமாக அறுநூறு பேருக்குப் பொங்கிப் போடுகிறவர், வீட்டில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்ததில்லை. அண்ணி விட்டால்தானே! "அங்க துடுப்பு போட்டுக் கிண்டுற கை. அத வெச்சுக்கிட்டு என் சட்டிப் பக்கம் வராதீங்க. சட்டி தாங்காது" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அண்ணிக்கு வந்தது குடல் காய்ச்சல். பதினைந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இறங்கும்போது சாப்பாட்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. கஞ்சியைக் கிட்டே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினாள். பாலைக் கண்டால் குமட்டல். பழச்சாறு ஒரு வாய் இறங்கினால் இரண்டு வாயாக வெளியே வந்தது. கையில் ஊசி போட்டு ஏற்றிய தண்ணீரில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போக அவளை வண்டியில் தூக்கி வைத்தேன். அளவெடுக்கிற பழக்கம் எங்கே போகும்? இடுப்பில் ஆறு அங்குலம் போய்விட்டது என்று என் கை சொன்னது.

டாக்டரம்மா அண்ணியைப் படுக்க வைத்துவிட்டு எங்களை வெளியே கூப்பிட்டார்.

"காய்ச்சல் போயிடுச்சு. குடலும் ஆறிடுச்சு. வயிறுதான் வேலை செய்ய மாட்டேங்குது. வாய் வழியா ஏதாவது போகணும், போனது உள்ள நிக்கணும். ஒரு டம்ளர் நின்னாப் போதும், அப்பறம் அதுவே வழி பண்ணிக்கும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். இல்லன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து மூக்கு வழியா குழாய் விடணும்."

"குழாய் விட்டா சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்டார் அண்ணன்.

"இப்ப இருக்கற நிலமையில இந்த உடம்பு அதத் தாங்குமான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியலைங்க" என்றார் டாக்டரம்மா. நல்ல மனுஷி, மழுப்பத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றார். "சூப்பு வெக்கணும்" என்றார்.

இந்தச் சூப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமை என்றால் பாட்டில் கம்பெனியில் கோழி சூப்பு. தெருவில் யாருக்காவது சளி, இருமல், ஆபரேஷன், பிள்ளைப்பேறு என்றால் கம்பெனியில் வேலை செய்கிறவர் ஒருத்தர் தன் பங்கைக் குடிக்காமல் ஃபிளாஸ்கில் கொண்டுவந்து கொடுப்பார். குடித்தவர்கள் எழுந்து நடமாடிவிட்டு, சூப்பால்தான் எழுந்தேன் என்பார்கள். நான் நம்பினதில்லை. சளி மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் போகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளில் போகும். நடுவில் இந்தச் சூப்பு வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது என்பதுதான் என் கட்சி. போன வியாழன் அண்ணன் லீவில் இருந்ததால் இன்னொருத்தர் சமைத்தார். அந்தச் சூப்பு ஃபிளாஸ்கில் வந்தது. மூடியைத் திறந்ததுமே அண்ணி கையால் மறித்துவிட்டாள்.

"இது அவரு வெச்சதில்ல" என்றாள். அவ்வளவு தீனமான குரலிலும் அதில் ஒரு தீர்ப்பு இருந்தது.

செவ்வாய்க்கிழமை வீட்டு அடுப்பில் முதல் சூப்பு ஏறியது. அண்ணியின் மகள் வெளியூரிலிருந்து வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பாவை எதிரில் உட்கார வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

"அறுநூறு பேருக்கு எத்தனை கோழிப்பா?"

"நாப்பது. முட்டை ஓஞ்ச கோழி. இளசு கூடாது."

"தண்ணி?"

"மூக்கு வரைக்கும்."

"யாரு மூக்கு வரைக்கும்?"

"அண்டாவோட மூக்குமா. வளையம் இருக்குல்ல, அதுக்குக் கீழ."

"லிட்டர்ல சொல்லுங்கப்பா."

"லிட்டர்ல எனக்கெப்படித் தெரியும்? பன்னெண்டு வாளி. பத்து லிட்டர் வாளி."

"உப்பு?"

அவர் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குழித்துக் காட்டினார். "இது மூணு தடவை. மூணாவதுல கொஞ்சம் திருப்பிப் போட்டுடுவேன்."

"எவ்வளவு திருப்பி?"

"அது அன்னன்னிக்கு."

டீச்சர் பெருமூச்சு விட்டு, எல்லாவற்றையும் அறுநூறால் வகுத்தாள். மருந்துக் கடைத் தராசில் உப்பை நிறுத்து வாங்கி வந்தாள். மிளகை எண்ணியே போட்டாள். கோழி ஒரு உள்ளங்கை அளவு, தண்ணீர் ஒரு டம்ளர். "ஆறு மணி நேரம் கொதிக்கணும்" என்று அண்ணன் சொன்னதை மட்டும் வகுக்க மறந்துவிட்டார்கள். கால் மணி நேரத்தில் அந்த ஒரு டம்ளர் தண்ணீரும் ஆவியாகிச் சட்டி தீய்ந்தது. நேரத்தையும் அறுநூறால் வகுத்துப் பார்த்தாள். முப்பத்தாறு விநாடி வந்தது. பேனாவை மூடிவிட்டாள்.

"கணக்கு சரியாத்தான் அத்தை இருக்கு" என்றாள் என்னிடம், கண் கலங்க.

"கணக்கு சரிடி. கோழிக்கு அது தெரியலையே" என்றேன். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா அது? ஆனாலும் வந்தது.

புதன்கிழமை முழுக்கோழி ஒன்றை வாங்கி ஒரு சட்டித் தண்ணீரில் போட்டார். அந்த மனிதரைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்தார். அது அவர் கையில் பல்குச்சி மாதிரி இருந்தது. உப்பை இரண்டு விரலால் எடுத்தார். எடுத்ததைப் பார்த்தார், போட்டார், பயந்துபோய் இன்னும் கொஞ்சம் போட்டார். கடைசியில் வந்தது உப்புத் தண்ணீர். அதில் ஒரு கோழி குளித்துவிட்டு எழுந்து போன மாதிரி ஒரு வாசனை.

"அடுப்பு சின்னது. சட்டியும் மெல்லிசு" என்றார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நெசம்தான் தங்கச்சி. எனக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியல. கட்டின பொண்டாட்டி ஒருத்திக்கு ஒரு டம்ளர் வெச்சுக் குடுக்கத் தெரியல" என்றார்.

பிறகு நான் வைத்தேன். என் சூப்பைக் குடித்துவிட்டு என் மாமியாரே வாய் மூடியிருந்திருக்கிறார், அப்படிப்பட்ட கைப்பக்குவம் எனக்கு. அந்தத் திமிரோடுதான் டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி ஒரு வாய் வாங்கினாள். எனக்காக விழுங்கினாள் என்று தெரிந்தது. அடுத்த நிமிஷம் என் முந்தானை நனைந்தது. "மேல கொழுப்பு மிதக்குதுடி. வாடை அடிக்குது. கோவிச்சுக்காத" என்றாள். கோபமா? நான் என் வீட்டுக்கு வந்து மிஷினில் தலையை வைத்து அழுதேன்.

வியாழக்கிழமை காலை நாலரை மணிக்கு அண்ணன் என் கதவைத் தட்டினார். வேலைக்குப் போகிற காக்கிச் சட்டை போட்டிருந்தார்.

"நான் இன்னிக்கு டியூட்டிக்குப் போறேன் தங்கச்சி."

"பொண்டாட்டி இந்த நெலமையில கெடக்கும்போதா?"

"அதனாலதான் போறேன். அறுநூறு பேருக்கு வெச்சாத்தான் எனக்கு ஒரு டம்ளர் வரும். நீ கூட வா. கை மாத்தி ஃபிளாஸ்க்க வாங்கிட்டு ஓடி வரணும். மதியம் பன்னெண்டுலேந்து ரெண்டு வரைக்கும்தான் அவ முழிச்சிருக்கா. ரெண்டு மணிக்கு மேல அசந்துட்டான்னா பல்லைக் கடிச்சுக்குவா."

அப்படித்தான் நான் முதல்முதலாக அந்தக் கேன்டீனுக்குள் போனேன்.

நீளமான கூடம். நடுவில் செங்கல் மேடை, அதன்மேல் அண்டா. எட்டிப் பார்க்க நான் ஒரு பலகைமேல் ஏற வேண்டியிருந்தது. நாற்பது கோழியும் வெட்டிக் கழுவி ஒரு பெரிய கம்பி வலைப் பைக்குள் இருந்தன. கழுவுகிற அக்காமார் இரண்டு பேர் அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஒருத்தி, "அவங்க எப்படி இருக்காங்க?" என்றாள். "இன்னிக்குத் தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் பார்த்த ஆள் எங்கள் தெரு அண்டா இல்லை. நேற்று ஒரு கரண்டியைப் பிடிக்கத் தெரியாமல் நின்றவர், ஆள் உயரத் துடுப்பை ஒற்றைக் கையால் எடுத்துச் சுவரில் சாய்த்தார். பன்னிரண்டு வாளி பச்சைத் தண்ணீர். வலையை இறக்கினார். அடுப்பைப் பற்ற வைத்துத் தீயை ஏற்றினார், இறக்கினார், இன்னும் ஒரு மயிரிழை இறக்கினார். ஒரு மணி நேரம் மேலே வந்த அழுக்கு நுரையை எடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டு அக்காமாரும் எதிர்ப்பக்கம் நின்று எடுத்தார்கள். தோலோடு பூண்டு, நசுக்கிய இஞ்சி, நறுக்காத முழு வெங்காயம், துணியில் முடிந்த மிளகு எல்லாம் போனது. ஒன்றையும் அவர் நிறுக்கவில்லை, எண்ணவில்லை.

"தீய நல்லாத் தூண்டி விட்டாச் சீக்கிரம் ஆகாதாண்ணே?" என்று கேட்டேன்.

"கொதிக்கக் கூடாது தங்கச்சி. கொதிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கணும். ஆறு மணி நேரமும் யோசனையிலயே வெச்சிருக்கணும். கொதிச்சா எல்லாம் கலங்கிப் போவும்."

"அதையேதானே வீட்லயும் செஞ்சீங்க?"

"ஒத்தைக் கோழி பிடிவாதம் பிடிக்கும். நாப்பது ஒண்ணாச் சேர்ந்தா ஒண்ண ஒண்ணு பாத்து விட்டுக் குடுத்துடும்" என்றார். எனக்கு நன்றாகத் தெரியும், இது விஞ்ஞானம் இல்லை. ஆனால் அந்த மேடைக்குப் பக்கத்தில் நின்று அவர் சொல்லும்போது மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு வாசனை மாறியது. அதுவரை கறி வாசனையாக இருந்தது. பிறகு, எப்படிச் சொல்வது, நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்தில் ஒரு சூடு இருக்குமே, அந்த மாதிரி ஆனது. அண்ணன் உப்புக்குள் இரண்டு கையையும் விட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவதில் ஆவிக்குள் முகத்தை நீட்டினார். கையைக் கொஞ்சம் சாய்த்தார். கொஞ்சம் உப்பு டின்னுக்குள் திரும்பி விழுந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், அவர் அந்த ஒரு சோற்றையும் பார்க்கவில்லை. நாக்கில் ஒரு சொட்டு வைக்கவில்லை.

பதினொன்றுக்குச் சங்கிலி போட்டு வலையைத் தூக்கினார்கள். அண்டா ஆடாமல், அலை எழாமல், அத்தனை மெதுவாக. அடுப்பை அணைத்தார். "இனி ஒரு மணி நேரம் யாரும் தொடாதீங்க" என்றார்.

"ஃபிளாஸ்க்ல ஊத்திக் குடுத்துடுங்கண்ணே, நான் கெளம்பறேன்" என்றேன்.

"இப்ப இல்ல."

"பின்ன எப்ப?"

"மேல கொழுப்பு வந்து நிக்கும். அடியில மண்டி தங்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்குது பாரு, அதுதான் நோவாளிக்கு. கொழுப்பும் இருக்காது, மண்டியும் இருக்காது. வாடையே வராது. முன்னூறு பேராவது குடிச்சாத்தான் நடுவு வரும்."

"கரண்டிய ஆழமா விட்டு எடுங்களேன்!"

"விட்டா மேல கீழ கலங்கிடும். அப்பறம் நடுவே இல்ல."

"அப்ப ஒரு ரப்பர் குழாய விட்டு உறிஞ்சி..."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

பன்னிரண்டுக்கு மணி அடித்தது. முதலில் உலைக்காரர்கள் வந்தார்கள். பாட்டிலுக்குக் கண்ணாடி உருக்குகிற உலைக்கு முன்னால் காலை முழுக்க வெந்தவர்கள், சட்டையெல்லாம் வியர்வை உப்பு பூத்திருந்தது. அவர்களுக்குக் கொழுப்பு வேண்டும், அதனால் வரிசையில் அவர்கள்தான் முன்னால் என்பது அங்கே வழக்கம். பின்னால் பாட்டில் சோதிக்கிற பெண்கள், பெட்டி கட்டுகிறவர்கள். ஆளுக்கு ஒரு கரண்டி. அண்ணன் அண்டாவின் மேல்பரப்பை மட்டும் வழித்து வழித்து எடுத்தார். மேலே பொன்னிறத்தில் கொழுப்புக் கண்கள் மிதந்தன.

"இந்தக் கண்ணெல்லாம் மறைஞ்சாத்தான் நடுவு" என்றார். பிறகு ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க அண்ணி இங்கதான் பாட்டில் சோதிச்சுக்கிட்டு இருந்தா. கல்யாணத்துக்கு முன்னாடி ஒம்பது வருஷம். வெளிச்சத்துல காட்டி ஒரு குமிழி இருந்தாலும் புடிச்சுடுவா. வியாழக்கிழமை வரிசையில முன்னாடிதான் வருவா. ஆனா 'நீ போ, நீ போ'ன்னு எல்லாரையும் முன்னால விட்டுட்டே நிப்பா. எனக்கு ஒண்ணும் புரியல. ஒருநாள் பாத்தேன், கண்ணு மறைஞ்ச அந்தக் கரண்டிக்கு டம்ளர நீட்டறா. யாரும் சொல்லிக் குடுக்கல தங்கச்சி. அவளாக் கண்டுபுடிச்சிருக்கா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

முப்பது வருஷக் குடித்தனம் இப்படித் தொடங்கியிருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன் நான்.

முக்கால் மணி நேரம் ஆனது. திடீரென்று கரண்டி நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் ஆள் இல்லை.

"மத்தவங்க எங்க?" என்று கேட்டார் அண்ணன்.

கழுவுகிற அக்கா தயங்கினாள். "ரெண்டாம் உலை நேத்து சாயங்காலம் நின்னு போச்சுங்க. அந்தப் பக்கத்து ஆளுங்கள இன்னிக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நீங்க லீவுல இருந்தீங்க... நீங்க வந்ததே பெருசுன்னு நாங்களும் வாயத் தொறக்கல."

வந்தவர்கள் இருநூறு பேர்தான். அண்டாவில் பொன் கண்கள் மிதந்துகொண்டே இருந்தன. மணி பன்னிரண்டே முக்கால் தாண்டியிருந்தது.

"மேல இருக்கறத எடுத்துக் கொட்டுங்கண்ணே" என்றேன்.

கரண்டியைப் பிடித்திருந்த கை அசையவில்லை.

"கொட்டுங்கண்ணே! அங்க அண்ணி கெடக்கறா!"

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு கரண்டி கொட்டினதில்ல தங்கச்சி."

"இன்னிக்குக் கொட்டினா என்ன? உயிரு பெருசா, சூப்பு பெருசா?"

"உயிருதான்" என்றார். கரண்டியை இறக்கி எடுத்தார். சாக்கடைத் தொட்டிக்கு நேராகக் கொண்டுபோனார். கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "கொட்டிப்புட்டு, அந்த மிச்சத்த அவளுக்கு எப்படிக் கொண்டு போவேன்?" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கரண்டி மட்டும் கவிழவில்லை. என்ன மனுஷன் இவர் என்று எனக்குக் கோபம் பொங்கியது. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"ஏன் கொட்டணும்?" என்றது ஒரு குரல். பக்கத்து மேஜையில் சாப்பிட்டு முடித்த உலைக்காரர். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விட்டிருந்தார். எழுந்து வந்து காலி டம்ளரை நீட்டினார். "இங்க ஊத்துங்க. நான் குடிக்கிறேன். இன்னும் எத்தனை பேரு குடிக்கணும்?"

நான் சொன்னேன். "நூறு பேரு. கண்ணு மறையற வரைக்கும். இவரு சம்சாரத்துக்கு நடுவுக் கரண்டி வேணும். ரெண்டு மணிக்குள்ள போய்ச் சேரணும்."

அவர் திரும்பிக் கூடத்தைப் பார்த்து, ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "வரிசை!"

நாற்காலிகள் தேய்கிற சத்தம் கேட்டது. சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் திரும்பி வந்தார்கள். வெளியே மரத்தடியில் சாய்ந்திருந்தவர்களை யாரோ கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். யாரும் தள்ளவில்லை, கத்தவில்லை. டம்ளரை நீட்டி, வாங்கி, நின்றபடியே ஊதி ஊதிக் குடித்துவிட்டு மறுபடியும் வரிசையின் வாலுக்குப் போனார்கள். வாசல் காவலாளி வந்தார். சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரர்கள் மூன்று பேர், என்ன ஏதென்று தெரியாமலே நின்றார்கள். "எனக்கு இந்த வாடையே ஆகாதுங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தாள். கேன்டீன் பக்கமே தலைகாட்டாத மேனேஜர், கழுத்துப்பட்டியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, லாரிக்காரருக்குப் பின்னால் நின்றார். "சார், நீங்க முன்னால வாங்க" என்று யாரோ சொன்னார்கள். "வேண்டாம், எனக்கு இது ரெண்டாவது டம்ளர்" என்றார்.

நானும் நின்றேன். என் டம்ளர் வந்தது. குடித்தேன். சூடு தொண்டையில் இறங்கி, நெஞ்சில் நின்று, தோளுக்கும் முழங்கைக்கும் தையல் பிடித்துப் பிடித்து மரத்துப்போன என் விரல்களுக்கும் போனது. நான் நோயாளி இல்லை. ஆனால் எங்கேயோ பல வருஷமாக நோவெடுத்துக்கொண்டிருந்த ஒன்று சட்டென்று நின்றது. சூப்பை நம்பாதவள் சொல்கிறேன். அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர், "அக்கா, நகருங்க, நேரமாவுது" என்று தோளைத் தொட்டார்.

ஒன்று இருபதுக்கு அண்ணன் கையை உயர்த்தினார். கூடமே நின்றது. பலகைமேல் ஏறிப் பார்த்தேன். கண் ஒன்றுகூட இல்லை. தெளிந்த தேன் நிறத்தில், என் முகம் தெரிந்தது. ஒரு கரண்டி எடுத்தார். ஒரே ஒரு கரண்டி. ஃபிளாஸ்கில் ஊற்றி மூடினார்.

"நீங்களும் வாங்கண்ணே. கம்பெனி வேன் நிக்குது."

"நான் வரல."

"ஏன்?"

"நான் முன்னால நின்னா எனக்காகக் குடிப்பா. எனக்காகக் குடிச்சா நிக்காது." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குப் பயமா இருக்கு தங்கச்சி" என்றார்.

வீட்டுக்குள் நுழையும்போது ஒன்று நாற்பது. மகள் அம்மாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். அண்ணியின் கண் சொருகத் தொடங்கியிருந்தது. கண்ணாடி டம்ளரில் ஊற்றி உதட்டருகே கொண்டுபோனேன். மறிப்பது போலக் கையைத் தூக்கினாள். போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவள் மறிக்கவில்லை, டம்ளரை என் கையிலிருந்து வாங்கினாள். அந்தக் குச்சிக் கையால் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கினாள். மெதுவாகத் திருப்பினாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"நடுவு" என்றாள்.

குடித்தாள். ஒரு வாய். மகள் கையில் பாத்திரத்தோடு தயாராக நின்றாள். இரண்டு நிமிஷம் ஆனது. மூன்று. அண்ணி இன்னொரு வாய் குடித்தாள். பிறகு நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டு, மேய்ச்சலிலிருந்து வந்த மாடு தண்ணீர் குடிக்கிற மாதிரி, நிறுத்தாமல் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்த்தது. இருபத்தைந்து நாளாக வெள்ளையாகக் கிடந்த காது மடலில் ரத்தம் வந்தது. என் கண்ணால் பார்த்தேன், காது சிவந்தது.

டம்ளரை நீட்டினாள். "இன்னும் ஊத்து."

நான் ஃபிளாஸ்கைக் கவிழ்த்துக் காட்டினேன். "அவ்வளவுதான் அண்ணி. ஒரு கரண்டிதான் குடுத்தாரு."

"என்னது?" என்றாள். தலையணையிலிருந்து முதுகை எடுத்தாள். "எங்க அந்த மனுசன்? போனப் போடு."

மகள் கேன்டீனுக்குப் போன் போட்டு அம்மாவின் காதில் வைத்தாள். யாரோ எடுத்தார்கள், யாரையோ கூப்பிட்டார்கள். அந்தப் பக்கம் கூடமே அமைதியாக இருந்தது எனக்கும் கேட்டது.

"ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா? ஊருக்கெல்லாம் அண்டா அண்டாவா ஊத்துறீங்க. கட்டின பொண்டாட்டிக்கு ஒரு கரண்டிதானா? கை என்ன தேஞ்சா போயிடும்?"

பிறகு அண்ணன் அங்கே யாரிடமோ சொல்வது கேட்டது. "திட்டுறா. திட்டுறாய்யா!" அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இருநூறு பேர் மேஜையில் டம்ளரைத் தட்டினால் வேறு என்ன கேட்கும்? அண்ணி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து, "என்னடி சத்தம் அது?" என்றாள்.

சூப்பு வயிற்றில் நின்றது. ராத்திரியும் நின்றது. வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் குழாய் வேண்டாம், எது நின்றதோ அதையே கொடுங்கள் என்றார். ஆனால் சூப்புக்கு வியாழக்கிழமை மட்டும்தானே முறை? மத்தியானம் ஒரு மணிக்கு வேன் ஹாரன் அடித்தது. டிரைவர் ஃபிளாஸ்கை நீட்டினார். சனிக்கிழமையும் வந்தது. ஞாயிறு பாதி ஷிப்டுதான், அன்றும் வந்தது. எட்டு நாள் இப்படி. ஒன்பதாம் நாள் அண்ணி கஞ்சி கேட்டாள். அன்று சாயங்காலம் நான் என் வீட்டுக்காரரை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது.

அதற்கு அடுத்த வாரம் ஒருத்தர் என் வீட்டுக்கு வந்து மிஷின்மேல் ஒரு கால்சட்டையைப் போட்டார். இடுப்பை ஒரு அங்குலம் பிரித்துவிட வேண்டும் என்றார். அளவெடுக்கும்போதுதான் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் கறுப்புக் கண்ணாடி இருந்த இடம் வெளுத்திருந்தது.

"எட்டு நாள் தெனமும் சூப்புக்கா. தெனம் மூணு டம்ளர். வேற என்ன ஆவும்?" என்றார்.

"உங்க ரெண்டாம் உலை எப்ப ஓடுச்சு?"

"முந்தாநேத்துதான். அதுவரைக்கும் இருக்கற ஆளுங்கதான் குடிச்சோம். இனிமே கோழியப் பாத்தாலே ஓடிடுவேன்."

"அறுநூறு பேருக்கு வெக்கறத நிறுத்தி, கம்மியா வெக்கச் சொல்லியிருக்கலாமே. ஏன் இப்படிக் கஷ்டப்பட்டீங்க?"

அவர் நான் ஏதோ குழந்தை மாதிரி கேட்டுவிட்டதாக என்னைப் பார்த்தார்.

"கம்மியா வெச்சா அவருக்கு வராதேக்கா" என்றார். "வெச்சப்பறம், மேல உள்ளத யாராவது குடிச்சாத்தானே நடுவு வரும்?"